கூப்பன் மாவில கட்டின மலை

பிள்ளை,

உன்ர ட்ரங்குப் பெட்டிக்குள்ள, சேலையளுக்கு நடுவில, துவாயால சுத்தி வைச்சிருந்த, நீ கையால செய்த இலங்கையை எடுத்தது நான்தான். கொம்மாவில குற்றமில்லை, அம்மாவோட முகத்தை நீட்டாதை. ரெண்டு நாளா நீ என்னோட கதைக்கேல்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில 'டக்' எண்டு வைச்சிட்டுப் போறாய். அந்தச் சத்தத்திலயே எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிப்போடுறாய். ஒரே வீட்டுக்குள்ள இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதிற தகப்பனை இந்த வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் காணமாட்டாய். முகத்துக்கு முகம் சொல்ல எனக்கு வாய் வரேல்லை, அதுதான் காரணம். முப்பது வருஷம் வகுப்பில நிண்டு கத்தினவனுக்கு இப்ப நாக்கு எழும்புதில்லை. நாளண்டைக்கு நீ ரயில் ஏறி ஆசிரிய கலாசாலைக்குப் போறாய். அதுக்கு முதல் இதை வாசி. நீயும் நானுமாச் சேர்ந்து ஒரு பிள்ளையின்ர தலையில போட்ட பழியைப் பற்றின கடிதம் இது. உன்ர இலங்கையை இண்டைக்குக் காலமை திரும்பவும் பெட்டிக்குள்ள வைச்சிட்டன். கொண்டு போறதும் விடுறதும் வாசிச்ச பிறகு உன்ர விருப்பம்.

முதல்ல அந்தச் சாமானைப் பற்றிச் சொல்லுறன், கோவிக்காதை. கோவிச்சாலும் சொல்லுவன். பழைய பேப்பரை ஊறப்போட்டு, வெந்தயத்தோட சேர்த்து அரைச்சு, பலகையில அப்பி, மலைக்கு மண்ணிறமும் வயலுக்குப் பச்சையும் கடலுக்கு நீலமும் பூசியிருக்கிறாய். தேயிலைத் தோட்டத்துக்கு மரத்தூளுக்குச் சாயம் போட்டு ஒட்டியிருக்கிறாய். சோக்கான வேலை, ஆர் இல்லை எண்டது? பிதுருதலாகலை மலை உச்சிக்கு மேல பஞ்சு வைச்சாய். "என்ன பிள்ளை, நுவரெலியாவில பனிக்கட்டி கொட்டுதோ?" எண்டு கேட்டதுக்கு, "அது முகில், அப்பா" எண்டாய். முகிலாம்! மகாவலி ஒரு மலையில ஏறி மற்றப் பக்கத்தால இறங்குது. ஆறு மலை ஏறுற அதிசயத்தை நான் இந்த வயசிலதான் பாத்தன். தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டு நீ ஒரு நிமிஷம் யோசிக்கேல்லை. எந்தப் பக்கம் வளைச்சால் வடிவாயிருக்கும் எண்டுதான் யோசிச்சனி. இது பூமிசாஸ்திரம் இல்லை, மகளே. இது கலியாண வீட்டுப் பலகாரத் தட்டு.

உன்னைச் சொல்லி என்ன? இந்த நாட்டில பூமிசாஸ்திரம் படிப்பிக்கிற எல்லாருக்கும் இந்த விசர் பிடிச்சுப் பத்துப் பதினைஞ்சு வருஷமாச்சு. மேலிடத்தில இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, பிள்ளையள் கையால செய்து படிக்க வேணுமாம். நல்ல விஷயம், அதை எழுதினவன் ஏதோ நல்லெண்ணத்திலதான் எழுதியிருப்பான். எங்கட ஆக்கள் அதை என்னவாக்கிச்சினம்? பிள்ளையளுக்காக வாத்தியார் செய்தார். வாத்தியாருக்கு ஏலாட்டில் வாத்தியாரின்ர பெண்சாதி செய்தா. ஒருக்கால் ஒரு கண்காட்சிக்குப் போனன். முட்டைக் கோதுகளை அடுக்கி ஒட்டின எஸ்கிமோ வீடு ஒண்டு மேசையில இருந்தது, முதற்பரிசு எண்டு சிவப்பு நாடாவும் குத்தியிருந்தது. பக்கத்தில நிண்ட சின்னப் பெட்டையிட்ட, "இதுக்குள்ள ஆர் இருக்கிறது, பிள்ளை?" எண்டு கேட்டன். அவள் குனிஞ்சு வாசலுக்குள்ள வடிவாப் பாத்திட்டு, "ஒருத்தரும் இல்லை, சேர்" எண்டாள். அந்தக் கண்காட்சியிலயே உண்மை சொன்னது அவள் ஒருத்திதான். வெள்ளைக்காரன் போகப் போறான் எண்டு இப்ப சந்திக்குச் சந்தி கதைக்கினம். போகட்டும், ஆர் மறிச்சது? ஆனால் அவன்ர பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குக் காட்டிறதுக்கெண்டு நாங்கள் பழகின இந்தப் பகட்டு மட்டும் எங்களை விட்டுப் போகாது.

இப்படி எல்லாரையும் நக்கலடிக்கிற நான் என்ன செய்தன் எண்டு உனக்குத் தெரியும். ஆனால் முழுக்கத் தெரியாது. எனக்கே போன ஞாயிற்றுக்கிழமைதான் முழுக்கத் தெரிஞ்சது.

நாலு வருஷத்துக்கு முந்தின கதை. அப்ப நாங்கள் கொட்டாஞ்சேனையில இருந்தம், பள்ளிக்கூடமும் அங்கதான். ஜப்பான்காரன் குண்டு போட்ட பயத்தில ஊருக்கு ஓடினவையில பாதிப்பேர் திரும்பி வந்திருந்த நேரம். அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான். கூப்பனுக்கும் அரைவாசி அரிசி, அரைவாசி கோதம்ப மா. அந்த மாவுக்குச் சனம் வெயிலுக்குள்ள வரிசையில நிண்டு சண்டை பிடிச்சது உனக்கு மறந்திராது. நீயும் கொம்மாவோட போய் நிண்டனிதானே. அந்த நேரம் பார்த்து எங்கட பெரிய வாத்தியார் ஆசிரியர் அறைக்குள்ள வந்து, "அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வாறார். என்னவும் கண்ணுக்குத் தெரியிற மாதிரிச் செய்து வையுங்கோ" எண்டார். மற்ற வாத்திமார் குனிஞ்சு கொப்பி திருத்திக்கொண்டிருந்தவை. நான்தான் எழும்பி, "நாலாம் வகுப்புப் பிள்ளையளைக் கொண்டு இலங்கையை மேடுபள்ளத்தோட செய்விப்பன், சேர்" எண்டன். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. என்ர கோதாரி விழுந்த எடுப்பு, நானாத்தான் போய்த் தலையைக் குடுத்தனான்.

என்னத்தால செய்யிறது? பேப்பர் தட்டுப்பாடு. களிமண் காய்ஞ்சால் வெடிக்கும், கறுப்பாயிருக்கும், வடிவில்லை எண்டு நினைச்சன். ஒரு இங்கிலீஷ் சஞ்சிகையில மாவும் உப்பும் தண்ணியும் விட்டுக் குழைச்சுச் செய்யிற முறை கிடந்தது. சீமையில இருந்துகொண்டு எழுதினவனுக்கு மா மலிவு. அதைப் படிச்ச இந்த மோடன் வகுப்பில நிண்டு, "எல்லாரும் நாளைக்கு ஆளுக்கொரு பிடி மா கொண்டு வரவேணும்" எண்டான். யோசிச்சுப் பார் பிள்ளை. கூப்பன் மாவில ரெண்டு நேரம் சீவிக்கிற வீட்டுப் பிள்ளையளிட்ட ஒரு பிடி மா. இப்ப எழுதேக்க எனக்கு என்னைப் பிடிச்சு ரெண்டு அறை அறைய வேணும் போல கிடக்கு. பிள்ளையள் கொண்டு வந்துதுகள். கடதாசிச் சுருளிலயும் சீலைத் துண்டிலயும் சிரட்டையிலயும் கொண்டு வந்துதுகள். அது போதாமல் போனதுக்கு எங்கட வீட்டில இருந்து ரெண்டு கொத்து மா அளந்து எடுத்தன். கொம்மா குசினி வாசலில மறிச்சுக்கொண்டு நிண்டா.

"இந்தக் கிழமை பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?" எண்டா.

"ஒரு கிழமைதானே, குரக்கன் மாவைப் போட்டுச் சமாளியும். இன்ஸ்பெக்டர் வந்திட்டுப் போகட்டும்."

"ஓம், அவர் வரேக்க ரெண்டு கறியும் சமைச்சுக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

அவவின்ர வாய் அப்பவும் அப்பிடித்தான். நான் மாவோட நடையைக் கட்டினன்.

வேலை முறையாத்தான் நடந்தது, அதைச் சொல்ல வேணும். பலகையில தேசப்படம் கீறி, உயரமான இடங்களைக் குறிச்சு, ஒவ்வொரு இடத்திலயும் ஈர்க்கிலைக் கணக்குப் பார்த்து வெட்டிக் குத்தினன். ஆக நீட்டான ஈர்க்கில் பிதுருதலாகலைக்கு, அதைவிடக் கொஞ்சம் கட்டை சிவனொளிபாதமலைக்கு. ஈர்க்கில் நுனி மறையுமட்டும் மா அப்ப வேணும். ஒரேயடியா அப்பினால் வெடிக்கும் எண்டதால ஒரு நாளைக்கு ஒரு விரல் தடிப்பு, அதுக்கு மேல ஈரத்துணி. துணி காயாமல் பாக்கிற வேலை உனக்கு. நீ ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாளியில தண்ணி அள்ளிக்கொண்டு வந்து, துணியை நனைச்சுப் போட்டிட்டு வீட்டை போவாய். அப்பினது ஆர் எண்டு கேள். முதல் நாள் பிள்ளையள். அதுகள் அப்பினது கோணலும் மாணலுமா இருந்துது எண்டு ரெண்டாம் நாளில இருந்து நான். நாலாம் வகுப்பு கையைக் கட்டிக்கொண்டு வாங்கில இருந்து, வாத்தியார் மா பிசையிறதைப் பாத்துக்கொண்டிருந்தது. அதுதான் செய்து படிக்கிற முறை.

அந்த வகுப்பில பிலோமினா எண்டு ஒரு பிள்ளை. ஒன்பது வயசிருக்கும். களனி ஆறு கடலில விழுற மட்டக்குளியில இருந்து நடந்து வாறவள், தகப்பன் கடலுக்குப் போறவர். அவள் ஒரு கிழமை பிந்தித்தான் மா கொண்டு வந்தாள், வாழையிலைத் துண்டில, அவளின்ர சின்னக் கையால ஒரு பிடி. அது பிந்தி வந்ததுக்கும் நான் ஏசினனான். ரெண்டு நாள் கழிச்சு, இடைவேளை நேரம் வகுப்புக்குள்ள வாறன், இவள் ஒரு தகரப் பேணியில தண்ணி கொண்டுவந்து மலை உச்சியில ஊத்திக்கொண்டு நிக்கிறாள். மாக் கரைசல் பலகையால வடிஞ்சு அவளின்ர சட்டைக் கரை முழுக்க வெள்ளை.

"என்னடி செய்யிறாய்?" எண்டு கத்தினன்.

"களனி ஆறு எங்கட வீட்டுக்கு வருதா எண்டு பாக்கிறேன், சேர்."

தண்ணி மலையால இறங்கி வந்து அவிசாவளைப் பக்கத்தில குளமா நிண்டது. நான் மேற்குக் கரையை உருட்டி, வழுவழுப்பா, தேவைக்கு மேல உயர்த்தி வைச்சிருந்தன், கண்ணுக்கு வடிவாயிருக்கட்டும் எண்டு. அவள் நிமிர்ந்து என்னைப் பாத்து, "ஏன் சேர் கடலுக்குப் போகல்ல?" எண்டு கேட்டாள். முப்பது வருஷத்தில என்னட்டை ஒரு பிள்ளை கேட்ட ஆகத் திறமான கேள்வி அது. நான் சொன்ன மறுமொழி, "மோட்டுக் கழுதை, எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டாய்." ஆர் மோட்டுக் கழுதை எண்டு இப்ப உனக்கு விளங்கும்.

அடுத்த கிழமை ஒரு காலமை துணியை எடுத்துப் பாத்தால் பிதுருதலாகலையின்ர ஈர்க்கில் வெளியால நிக்குது. முதல் நாள் நான் மூடிவிட்ட ஈர்க்கில். மலையின்ர பின்பக்கத்தில ஒரு உள்ளங்கை அளவு மாவைக் காணேல்லை. அண்டைக்கு அப்பி நிரப்பினன். அடுத்த நாள் அது சிவனொளிபாதமலையைவிடப் பதிஞ்சு போச்சு. எலி எண்டால் பல்லடையாளம் இருக்கும், இது வழிச்சு எடுத்த மாதிரிக் கிடந்தது. பள்ளிக்கூடம் விடுற நேரம் வகுப்பை எழுப்பி நிப்பாட்டி, "ஆர் எடுத்தது?" எண்டு கேட்டன்.  பிலோமினாவின்ர சட்டைக் கரையில அண்டைக்கு ஊத்தின மா காய்ஞ்சு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவளுக்கு மாத்துச் சட்டை இல்லை எண்டு எனக்கு யோசினை வரேல்லை. எனக்கு அந்த வெள்ளை காணும், வேற சாட்சி என்னத்துக்கு? முன்னால கூப்பிட்டு உள்ளங்கையில ஆறு அடி அடிச்சன். அடிச்சதோட விட்டனானோ? "பட்டினிக் கூட்டத்தை வகுப்புக்குள்ள விட்டால் மலை என்ன, பலகையும் மிஞ்சாது" எண்டும் சொன்னன். நாலாம் வகுப்புச் சிரிச்சது. அவள் அழேல்லை. "நான் எடுக்கல்ல சேர்" எண்டு ஒரு தரம் மட்டும் சொன்னாள். நீ வாசலில வாளியோட நிண்டனி, பிள்ளை. துணி நனைக்க வந்தனி. எனக்கு அது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அடுத்த நாள் அவள் வரேல்லை. அதுக்கடுத்த நாளும் வரேல்லை. நாள் கணக்குப் பாத்து இடாப்பில பேரை வெட்டினன். "எடுத்தபடியாத்தான் வரேல்லை, பாத்தியளே" எண்டு மற்ற வாத்திமாருக்குச் சொன்னன். மலைக்கு அப்ப மா இல்லை, களிமண்ணைக் கொண்டுவந்து நிரப்பி மேல சுண்ணாம்பு பூசினன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியேல்லை. முதல்லயே களிமண்ணில செய்திருக்கலாம், ஒரு சதமும் முடிஞ்சிராது, ஒரு பிள்ளையும் அடி வாங்கியிராது. இன்ஸ்பெக்டர் வந்தான். எங்கட ஆள்தான், ஆனால் தொப்பியும் நடையும் அவையின்ர. மேசைக்கு வடக்குப் பக்கத்தில போய் நிண்டு, தலைகீழாப் பாத்து, "வெரி நைஸ். இது ஸ்கொட்லாந்தோ?" எண்டான். பெரிய வாத்தியார், "ஓம் சேர்" எண்டார்! நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டன். இளநி குடிச்சிட்டுப் போயிட்டான். அந்தக் கண்டறியாத இலங்கையை மாரிக்குள்ள எறும்பு திண்டு முடிச்சுது.

இனிப் போன ஞாயிற்றுக்கிழமை. முன்வீட்டு ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர் வந்து விறாந்தையில இருந்தவர். நீ கடைக்குப் போயிருந்தாய். நான் உன்ர இலங்கையைத் தூக்கிக் காட்டி, "தகப்பன்ர கை அப்பிடியே மகளுக்கு வந்திருக்கு" எண்டு புழுகி, பழைய மலைக் கதையையும் எடுத்துவிட்டு, கள்ளியைச் சட்டைக் கரையை வைச்சுப் பிடிச்ச என்ர கெட்டித்தனத்தையும் சொன்னன். குசினிக்குள்ள இருந்து கொம்மா சிரிச்ச சத்தம் கேட்டுது. நல்ல சிரிப்பில்லை. அவர் போன பிறகு வந்து என்ர கதிரைக்கு முன்னால நிண்டா.

"அந்த மலை எங்க போனது எண்டு இன்னும் தெரியாதோ உங்களுக்கு?"

"எங்க போனது?"

"உங்கட வயித்துக்க. ரெண்டு நாள் பின்னேரம் ரொட்டி திண்டிட்டு, 'என்னப்பா இது, கடல் தண்ணியிலயே குழைச்சது' எண்டு கேட்டியள், ஞாபகமிருக்கோ? குரக்கனும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைஞ்சும் அந்த உப்பு அடங்கேல்லை."

 நீ சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள மாவை வழிச்சுக் கொண்டுவந்து அவவிட்டக் குடுத்தனியாம். "அம்மா, எங்கட மா" எண்டு சொன்னனியாம். தம்பி முதல் நாள் பசியில அழுதுகொண்டு படுத்தவனாம். இதெல்லாம் நடந்தது நான் இருந்த வீட்டுக்குள்ள, பிள்ளை. நான் அண்டைக்குப் பின்னேரமும் கதிரையில இருந்து மலை உயரம் கணக்குப் பாத்துக்கொண்டிருந்திருப்பன். கொம்மாவுக்கு பிலோமினாவின்ர கதை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்ர வாயாலதான் முதல்முதல் கேட்டவ. அதுதான் அவ அப்பிடிச் சிரிச்சது. இன்னுமொண்டு. பூச்சி அரிக்காமல் இருக்கக் கடைசிப் பூச்சு மாவுக்குத் துருசு கலக்கிறது வழக்கம். நானும் ஒரு பொட்டலம் வாங்கி மேசை லாச்சிக்குள்ள வைச்சிருந்தனான். அதை முதல் நாளே கலந்திருந்தால் நஞ்சைத்தான் ரொட்டியாச் சுட்டுத் திண்டிருப்பம், நீ, தம்பி, கொம்மா, நான், எல்லாரும். 

உன்னில எனக்குக் கோபம் வந்தது, மறைக்கேல்லை. மா எடுத்ததுக்கில்லை. அது உன்ர வீட்டு மா, தம்பிக்குப் பசி, நீ செய்தது சரி, ஆயிரம் தரம் சரி. வாசலில வாளியோட நிண்டு பாத்துக்கொண்டிருந்ததுக்கு. அது போகட்டும், பதின்மூண்டு வயசு, தகப்பன் கையில பிரம்பு, ஆருக்கு வாய் வரும்? ஆனால் போன மாதம் நேர்முகப் பரீட்சையில, நீ ஏன் ஆசிரியையா வர விரும்பிறாய் எண்டு அங்க இருந்த நோனா அம்மா கேட்டதுக்கு, "அப்பா வகுப்பில செய்த இலங்கைப் படம்தான் எனக்கு வழிகாட்டி" எண்டு சொன்னதாகச் சிரிச்சுச் சிரிச்சு வந்து சொன்னியே. அந்தத் துணிக்குக் கீழ என்ன நடந்தது எண்டு தெரிஞ்சுகொண்டே சொன்னியே. அதையும் கேட்டு நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு போஸ்ட்மாஸ்டரிட்டப் புழுகினன், பேயன். அதுதான் உன்ர இலங்கையைப் பெட்டியால எடுத்து அலுமாரிக்கு மேல வைச்சனான். பிறகு அதைப் பாக்கப் பாக்கத்தான் யோசிச்சன், இந்தப் பொய்யை உனக்குப் பழக்கினது ஆர் எண்டு. ஸ்கொட்லாந்து எண்டவனுக்குப் பல்லைக் காட்டினது ஆர்? நான்தானே. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல்தான் பிறந்திருக்கு.

புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை எண்டு தெரியும், எண்டாலும் சொல்லாமல் இருக்கேலாது, வாத்தி வாய். சாப்பிடுற சாமானை வைச்சுப் படம் செய்யாதை, மாவும் வேண்டாம் பயறும் வேண்டாம். வகுப்பில கடைசி வாங்கில பசியோட இருக்கிற பிள்ளைக்கு அது படமாத் தெரியாது. பிள்ளையளிட்ட வீட்டில இருந்து ஒண்டும் கொண்டுவரச் சொல்லாதை. முத்தத்து மண்ணைக் குவிச்சு, ஒரு வாளி தண்ணியைக் குடுத்து, ஊத்துங்கோ எண்டு விட்டிட்டுத் தள்ளி நில். எங்க ஓடுது, எங்க தேங்குது, ஏன் கரை உடைஞ்சது எண்டு அதுகள் தங்களுக்குள்ள சண்டை பிடிக்கட்டும். பிறகு அதுகளின்ர தெருவை நெருப்புப் பெட்டியளால கட்டச் சொல்லு. எந்த வீடு பள்ளம், எந்த வீட்டுக்குள்ள மழைக்குத் தண்ணி வரும் எண்டு உனக்கு அதுகள் சொல்லித் தருங்கள். பிள்ளை அப்பினது கோணலா இருந்தால் கோணலாவே கிடக்கட்டும், உன்ர விரலை வைச்சுத் தடவாதை. இன்ஸ்பெக்டர் வந்து மூக்கைச் சுளிச்சால் அவனுக்கு ஒரு இளநியைக் குடுத்து அனுப்பிவிடு, அவைக்கு அது காணும். கலாசாலையில உன்ர பஞ்சு முகிலைப் பார்த்து எல்லாரும் கை தட்டுவினம். அந்தக் கைதட்டல் எனக்கு நல்லாத் தெரியும். ஒரு நாளைக்கும் ஒரு பிள்ளைக்கும் உதவாது.

நேற்று நான் ஒரு வேலையாப் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு எங்க போனனான் எண்டு கொம்மாவுக்கும் தெரியாது. மட்டக்குளிக்குப் போனன். பஸ்ஸால இறங்கி, ஒரு கடை முதலாளியிட்ட என்ர உடைஞ்ச சிங்களத்தில கேட்டு, கோயிலடியில ரெண்டு பேரிட்ட விசாரிச்சு, கடைசியில ஆத்துக் கரையோட ஒரு வளவுக்குள்ள போனால், ஒரு பெட்டை குந்தியிருந்து கருவாட்டுக்கு மீன் வெட்டி உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வளந்திட்டாள். என்னைக் கண்டதும் கத்தியை வைச்சிட்டு எழும்பி, ரெண்டு கையையும் பின்னால கொண்டுபோய் வைச்சுக்கொண்டு, "குட் மோர்னிங், சேர்" எண்டாள். நான் வெறுங்கையோடதான் நிண்டன், பிள்ளை. எண்டாலும் அவள் கையைப் பின்னால வைச்சாள். 

"பிலோமினா, அண்டைக்கு மா எடுத்தது நீ இல்லை. எனக்கு இப்பதான் தெரியும்" எண்டன்.

"எனக்கு அப்பவே தெரியும், சேர்" எண்டாள். பகிடிக்குச் சொல்லேல்லை. "அக்கா பெட்டிக்குள்ள போட்டத நான் யன்னலால கண்டேன்."

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சொன்னா அக்காவுக்கு அடிப்பீங்க. எனக்கு எண்டா பள்ளிக்கூடத்தில மட்டும்தான் அடி. அக்காவுக்கு வீட்டுக்குப் போனாலும் நீங்கதானே, சேர்."

ஒன்பது வயசில கணக்குப் பாத்திருக்கிறாள், ஆரின்ர உடம்பில எத்தனை அடி விழும் எண்டு. அந்தக் கணக்கு அவளுக்குப் பிழைச்சுப் போச்சு. கதை அவளுக்கு முன்னமே வீட்டை போயிட்டுதாம். தாய் பிடிச்சு அடிச்சு, "களவெடுக்கப் பழகிற பிள்ளைக்குப் படிப்பு என்னத்துக்கு" எண்டு மறிச்சுப் போட்டாவாம். நாலாம் வகுப்போட சரி. நான் மன்னிப்புக் கேட்டன். அவள் அதைப் பெரிசாக் கவனிக்கேல்லை, கையில இருந்த செதிலைத் துடைச்சுக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்றீங்களா, சேர்? அம்மா இன்னும் நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா" எண்டாள். அவள் என்னட்டைக் கேட்டது அது ஒண்டுதான்.

தாய் மீன் கூடையோட வரும்வரைக்கும் படியில குந்தியிருந்தன். அவ வந்ததும், உங்கட பிள்ளை ஒண்டும் எடுக்கேல்லை, நான் பிழையா அடிச்சுப் போட்டன் எண்டு சொன்னன். அந்த மனுசி கூடையை இறக்காமல் நிண்டபடி என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"அப்ப யார் எடுத்தது?" எண்டா.

பிலோமினா என்னைப் பாத்தாள். நான் தாயின்ர முகத்தைப் பாத்து, "நான்தான்" எண்டன். "என்ர வீட்டுக்கு வந்துது, நான்தான் திண்டன். உங்கட பிள்ளை கொண்டுவந்த ஒரு பிடியும் அதுக்குள்ளதான் இருந்தது." அவ என்னை ஏசேல்லை, ஏசியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். கூடையை இறக்கி வைச்சா. இடுப்பில செருகியிருந்த திறப்பை எடுத்துப் பாத்தா, அரிசிப் பெட்டித் திறப்பாம். "நாலு வருஷமா இவளுக்குப் பயந்து பூட்டிக்கொண்டு திரியிறேனே, சேர்" எண்டு பெரிய சத்தமா அழத் தொடங்கினா. பிலோமினா தாயின்ர முதுகைத் தடவிக்கொண்டு நிண்டாள்.

உன்ர பேரை நான் அங்க சொல்லேல்லை. அது நான் சொல்லுற பேர் இல்லை. பிலோமினாவும் சொல்லேல்லை, பக்கத்திலயே நிண்டும், தாய் கேட்டும், ரெண்டாந்தரமும் உன்னைக் காட்டிக் குடுக்கேல்லை. நாளண்டைக்குத்தான் ரயில். நாளைக்குக் காலமை வெளிக்கிட்டால் பஸ் இருக்கு. கோயிலடியில இறங்கு, பின்பக்கத்து ஒழுங்கையால ஆத்துப் பக்கம் நட, இடக்கைப் பக்கம் மூண்டாவது வளவு. மத்தியானத்துக்குப் பிறகு தாயும் வீட்டில நிப்பா.

அப்பா